மலைவெளியில் ஓர் இரவு

தலைநகரில் வாழும் நம்மவருள் சிலர், விடுமுறையில் இமயமலைப் பக்கம் சொந்த வண்டியில் சென்று, வண்டியிலேயே இராத் தங்கி வருகின்றனர். விடுதிச் செலவு மிச்சம், குழந்தைகளுக்கோ பேரானந்தம். எனினும் அவ்விடங்களில் துப்புரவுப் பணியாளரும் மருத்துவரும் அருகில் இரார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஸ்பீதியிலுள்ள சந்திரதால் ஏரியை எடுத்துக்கொள்வோம். 4,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் அமைந்த இந்நீர்நிலை, 2005-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இதன் கரையில் கூடாரமடித்தல் கூடாது, தள்ளியே தங்கவேண்டும். அக்குளிரில் கழிவுகள் எளிதில் மட்குவதில்லை. ஆகவே குப்பை முழுவதையும் பையிலிட்டு ஊருக்கே கொண்டுவருதல் நம் கடமை. பாத்திரம் கழுவுவதும் காலைக்கடன் கழிப்பதும் எந்நீருக்கும் 60 மீட்டருக்கு அப்பாலேயே ஆகட்டும்.

வறண்ட ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்தலாகாது. வெயிலில் உருகிய பனி பிற்பகலில் வெள்ளமாய்ப் பெருகி வரும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும், கரியடுப்பை வண்டிக்குள் வைப்பதும் உயிருக்கே உலை வைக்கும். அவற்றினின்று எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் அறியுமுன்னரே உயிர் பிரியும். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியைச் சிறிது இறக்கி, கம்பளிகளை மிகுதியாகப் போர்த்திக்கொள்வோம்.

உயரத்தால் தலைவலியும் வாந்தியும் வருவதுண்டு. இடைவழியில் ஓரிரு நாள் தங்கி ஏறுவது நலம்; உபாதை மிகுந்தால் தாமதியாது கீழே இறங்கிவிட வேண்டும்.

அடுத்து வரும் குடும்பத்தார்க்கும் அவ்வேரி தெளிந்தே இருக்கட்டும். நம் குழந்தைகளும் நலமே வீடு திரும்பட்டும்.