கத்திமுனைக் கற்காடு

கல்லிலே காடு உண்டா? உண்டு, நேயர்களே! மடகாஸ்கர் தீவின் மேற்கே, பேமராஹா பிரதேசத்தில் இருக்கிறது. மொரொண்டாவா பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் அதுவும் அடைபட்டுவிடும்.

நம் ஊர்க் கருங்கல் அல்ல அது. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். மேலே மழைநீரும் கீழே நிலத்தடி நீரும் நெடுங்காலம் கரைத்துக் கரைத்து, அதைக் கத்திமுனைகளாகச் சீவி நிறுத்தியிருக்கின்றன. ‘த்ஸிங்கி’ என்பது அவ்வூர்ப் பெயர். நுனிக்காலால் நடக்குமிடம் என்று பொருள் கூறுவர். மரியாதைக்குச் சொன்ன பொருள்! உண்மையில், இடுப்பில் வாரைக் கட்டி, பாறையில் பதித்த இரும்பு வடத்தில் அதை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. உச்சியில் ஒரு தொங்குபாலம். கீழே நோக்கினால், தலை சுற்றும் ஆழத்தில், பிளவுக்குள்ளே பச்சைப் பசேலென்று விருட்சங்கள்! இந்த உபகரணம் ஒன்றுமின்றி, வெண்ணிற ஸிபாகா லெமூர் அக்கூர்முனைகளில் தாவிச் செல்கிறது.

1927-ல் அன்றைய பிரெஞ்சு சர்க்கார் இதைக் காப்புப் பிரதேசமாக்கிற்று. 1990-ல் யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும், சட்டத்தைக் காட்டிலும் கல்லின் கூர்மையே இக்காட்டைக் காத்தது என்று எண்ணுகிறேன். கோடாரியும் மாட்டு மந்தையும் உள்ளே நுழைய வழி ஏது? வெளியிலுள்ள மரங்களுக்குத்தான் அந்தக் காவல் இல்லை. வறண்ட பருவத்தில் மேய்ச்சலுக்காகப் புல்வெளியில் மூட்டும் தீ பரவி, காட்டின் ஓரத்தைத் தின்று வருகிறது. ஸிபாகா இலை தேடி வருவது அந்த ஓரத்து மரங்களுக்குந்தான்.