கொட்டாவி விட்டேன், வாய் மூடவில்லை!

போன மாதம் ஒரு மத்தியானம். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பெரிதாகக் கொட்டாவி விட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது! எச்சில் வழிகிறது, பேச்சு வரவில்லை. குழந்தை அழுகிறது, சமாதானம் சொல்லக்கூட முடியவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று மாமியார் பதறிப் போனார்.

டாக்டர் கட்டைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களை அழுத்திப் பின்னால் தள்ளினார். 'டக்'கென்று மூடிக்கொண்டது. அப்பாடா!

பிறகு விளக்கினார். மெல்லும் தசைகள் 4 ஜோடி. கன்னத்தில், நெற்றிப்பொட்டில், தாடையின் உட்புறம் என 3 ஜோடி வாயை மூட. பல்லைக் கடித்துப் பொட்டில் விரல் வையுங்களேன், துள்ளுவது தெரியும். மீதி 1 ஜோடிதான் தாடையை முன்னுக்கு இழுத்துத் திறக்க உதவுகிறது. நான் திறந்த திறப்பில் தாடைக் குமிழ் மூட்டின் மேட்டைத் தாண்டிவிட்டதாம். மூட வேண்டிய தசைகளே இறுகி, அதைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டன!

"இப்படி ஆனால் வீட்டில் யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம், உடனே வந்துவிடுங்கள். ஒரு தடவை நழுவினால் மறுபடியும் நழுவலாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். கொஞ்ச நாளைக்கு முறுக்கு, சீடை கூடாது" என்றார்.

கோகுலாஷ்டமிச் சீடையை இந்த வருஷம் அவர்தான் கடித்தார். நான் அவல் பாயசத்தோடு சரி.