பாரம் தரை சேரும் வழி

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் சாலையில் சுருளிப்பட்டியை நெருங்கும் எவரும் முதலிற் காண்பது திராட்சைப் பந்தல்களையே. அருவியில் நீராட விரையும் பயணிகள் பந்தலின் நிழலையும் குலைகளின் கருநிறத்தையும் கண்டு மகிழ்ந்து செல்வர். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை அது. ஆயினும், பொறியியற் கல்லூரியில் கட்டமைப்பியல் பயிலப் புகும் மாணவன் ஒருவன் அவ்விடத்தில் நோக்க வேண்டுவது குலையை அன்று. குலையைத் தாங்கும் கல்லையும் கம்பியையுமே. அவன் நான்காண்டுகள் கற்கப்போகும் பாடத்தின் முதல் அத்தியாயம் அங்கே திறந்து கிடக்கிறது.

பந்தலின் உட்புறத்துக் கற்கள் யாவும் செங்குத்தாக நிற்கின்றன. ஓரத்துக் கற்களோ வெளிப்புறமாகச் சாய்த்து நடப்பட்டு, அவற்றின் தலையிலிருந்து இழுகம்பி ஒன்று இறங்கி மண்ணிற் புதைத்த கல்லொன்றோடு பிணைக்கப்பட்டிருக்கும். இஃது ஏன்? கொடியும் குலையும் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. தொய்ந்த கம்பி தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. நடுக்கல்லுக்கு இருபுறமும் கம்பி இருத்தலின், இருபுறத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, அது பாரத்தை மட்டும் சுமந்து நிற்கிறது. ஓரக்கல்லுக்கு ஒருபுறமே கம்பி. மறுபுறம் வெறும் வெளி. ஆதலின் மறுபுறத்து இழுப்பை நாமே உண்டாக்கித் தர வேண்டியுள்ளது.

இதனைக் கணக்காகவும் காணலாம். இரு கற்களுக்கு இடைவெளி 5 மீட்டர் என்றும், கம்பியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 20 கிலோ பாரம் என்றும் கொள்வோம். நடுவில் 20 செண்டிமீட்டர் தொய்வு இருப்பின், கம்பியின் கிடைமட்ட இழுப்பு ஏறத்தாழ 312 கிலோ. தொய்வை 10 செண்டிமீட்டராகக் குறைத்து விறைப்பாகக் கட்டினால் இழுப்பு 625 கிலோ ஆகிவிடும். சுமக்கும் பாரம் ஒரு கிலோவும் கூடவில்லை, இழுப்போ இரட்டித்துவிட்டது. கம்பியை அளவு மீறி முறுக்காதே என்று தோட்டத்து முதியவர் சொல்வாராயின், அவர் சூத்திரம் அறியாமலே விடை அறிந்தவர்.

கட்டமைப்பு வடிவமைப்பு என்பது இவ்வளவே: ஒரு பாரம் எங்கே தோன்றுகிறது, எவ்வெவ்வுறுப்பின் வழியே பயணம் செய்கிறது, இறுதியில் எங்கே மண்ணைச் சேர்கிறது என்று பின்தொடர்தல், வழியில் எவ்வுறுப்பும் ஒடியாமலும் வளையாமலும் இருக்குமாறு அளவு வகுத்தல். பாரம் செல்லும் வழியில் ஓரிடம் விடுபட்டாலும் பாரம் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அவ்வழி பெரும்பாலும் இடிபாட்டின் வழியாகவே இருக்கும்.

இனி, நம் பெரியோர் பலர் நேரிற் கண்ட ஒரு கட்டடத்திற்கு வருவோம். ஹஜ் பயணமாக ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியோர், வெண்ணிறக் கூடாரங்கள் வரிசை வரிசையாக விரிந்த பெருங்கூரை ஒன்றின்கீழ் அமர்ந்திருப்பர். 1981இல் பயன்பாட்டிற்கு வந்த ஹஜ் முனையம் அது. கூரையின் பரப்பு நூறு ஏக்கருக்கு மேல். 45 மீட்டர் உயர எஃகுத் தூண்களிலிருந்து வடங்கள் இறங்க, அவற்றில் 210 கூடாரங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர்ச் சதுரம். கண்ணாடி இழைத் துணிக்கு டெஃப்லான் பூசியது. கூடாரத் தொகுதிகளின் உட்புறத்தில் தூண்கள் தனித்தனியே நிற்கின்றன. விளிம்பில் இரண்டிரண்டாகவும் மூலையில் நான்கு நான்காகவும் நிற்கின்றன. காரணத்தைச் சுருளிப்பட்டிப் பந்தலே முன்னர்ச் சொல்லிவிட்டது. விளிம்புத் தூணுக்கு ஒருபுறமே இழுப்பு. புதைகல்லில் இழுகம்பி கட்டும் வேலையை அங்கே துணைத்தூண் செய்கிறது.

இம்முனையத்தைக் கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட்டுடன் இணைந்து வடிவமைத்த கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் பின்னர் டாக்காவிலும் பயின்றவர். 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் சென்று, மூன்றே ஆண்டுகளில் இரு முதுநிலைப் பட்டங்களையும் ஒரு முனைவர் பட்டத்தையும் ஈட்டினார். மிக உயர்ந்த கட்டடங்களுக்குத் தம் எடையைவிடக் காற்றின் தள்ளலே பெரும்பகை என்பதை உணர்ந்து, தூண்களைக் கட்டடத்தின் புறச்சுற்றில் நெருக்கமாக நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரு குழாய் போல ஆக்கும் முறையை வளர்த்தவர் அவரே. உள்ளீடற்ற மூங்கில் காற்றை எதிர்த்து நிற்பதை எண்ணிப் பார்த்தால் இக்கருத்து எளிதில் விளங்கும். சிகாகோவின் 110 மாடிச் சியர்ஸ் கோபுரம், இன்றைய வில்லிஸ் கோபுரம், அத்தகைய ஒன்பது குழாய்களைக் கட்டாகக் கட்டியது. 442 மீட்டர் உயரம் கொண்டது. 1982 மார்ச்சில் கான் மறைந்ததும் ஜித்தாவிலேயே. அவர் எழுப்பிய கூரை அமைந்த நகரம் அது. மறுஆண்டு அம்முனையம் ஆகாகான் கட்டடக்கலை விருது பெற்றது.

இழுகம்பியின் இலக்கணம் நம் பள்ளத்தாக்கின் உயிர்நாடியான பெரியாறு அணையிலும் உண்டு. 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை, தன் கனத்தாலேயே நீரின் தள்ளலை எதிர்த்து நிற்கும் வகையினது. 1979ஐ அடுத்து நடந்த வலுவூட்டும் பணிகளுள் ஒன்று, எஃகு வடங்களை அணையின் உடலினூடே இறக்கி அடிப்பாறையோடு இறுகப் பிணைத்தது. அதன் வழக்கும் வரலாறும் தனிக்கட்டுரைக்குரியவை.

நிற்க. அணையும் முனையமும் சிலருக்கே வாய்க்கும் பணிகள். நம் ஊர்களிலிருந்து பொறியியல் பயின்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வடிவமைக்கப்போவது வீடும் கடையும் பள்ளிவாசலும் திருமண மண்டபமுமே. எனவே ஓர் எளிய அறையின் தளத்தை எடுத்துக்கொள்வோம்.

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறை. கான்கிரீட் தளத்தின் கனம் 12 செண்டிமீட்டர். தளத்தின் எடை மட்டும் 3,600 கிலோ. மேற்பூச்சுக்கும் தரைக்கற்களுக்கும் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால் 1,200 கிலோ. மனிதரும் பொருள்களும் ஆகிய பாரத்தை, வீடாயின் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ எனக் கொள்ளச் சொல்கிறது இந்தியத் தர நெறி. அது 2,400 கிலோ. ஆகமொத்தம் 7,200 கிலோ. இத்தொகையை ஒன்றரையாற் பெருக்கி, 10,800 கிலோவுக்கு வடிவமைக்க வேண்டும் என்பது விதி. அந்த அரைப்பங்கு, நாம் அறியாதவற்றுக்காக ஒதுக்கி வைப்பது. இதே அறை வகுப்பறையாயின் 200 என்பது 300 ஆகும். நிலையான இருக்கைகளின்றி மக்கள் கூடும் மண்டபமாயின் 500 ஆகும். வீடாகக் கட்டியதைப் பின்னாளில் மதரஸாவாகவோ மண்டபமாகவோ மாற்ற விழைவோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

அடுத்தது கம்பி. கான்கிரீட், அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது; இழுப்பைத் தாங்குவதில் அதன் வலிமை பத்தில் ஒரு பங்களவே. ஆகவே எங்கே இழுப்புத் தோன்றுமோ அங்கே எஃகுக் கம்பியை இடுகிறோம். இருபுறமும் சுவரில் அமர்ந்த தளம் நடுவில் கீழ்நோக்கி வளைய முயலும்; அடிப்புறம் நீளும், மேற்புறம் சுருங்கும். ஆதலின் கம்பி அடியில். சன்ஷேடும் பால்கனியும் அவ்வாறல்ல. ஒருபுறம் பற்றப்பட்டு மறுபுறம் வெளியே நீண்டு நிற்பவை அவை. அவற்றில் மேற்புறமே நீள முயல்கிறது. ஆதலின் கம்பி மேலே.

இதனைப் பொறியியல் மாணவன் இரண்டாம் ஆண்டிலேயே கற்றுவிடுகிறான். வரைபடத்திலும் சரியாகவே வரைகிறான். பிழை நேர்வது கான்கிரீட் போடும் நாளில். மேலே கட்டிய கம்பியின்மீது சட்டி சுமந்து வரும் சித்தாள் கால் வைக்கிறார்; கம்பி அமுங்கிக் கீழே இறங்கிவிடுகிறது. 10 செண்டிமீட்டர் கனமுள்ள சன்ஷேடில், அடியிலிருந்து 8 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 4 செண்டிமீட்டருக்கு இறங்கினால், அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். அடியோடு தாழ்ந்துவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை. கம்பியின் விலையில் ஒரு காசும் மிச்சமாகவில்லை, சிமெண்டும் குறையவில்லை. ஆனால் முட்டுப் பிரிக்கும் நாளில் சன்ஷேடு இறங்கிவிடும். இதைத் தடுப்பவை கம்பியைத் தாங்கும் சிறு நாற்காலிக் கம்பிகளும், நடப்பதற்கு இடும் பலகையும்தாம்.

தூணின் கதை இன்னும் கடுமையானது. தளம் ஒன்றில் குறை நேரின் அத்தளம் மட்டும் கெடும். தூணோ தனக்கு மேலுள்ள எல்லாத் தளங்களின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பது. ஒரு மாடிக்குப் பத்து டன் என்றால், பதினொரு மாடிக் கட்டடத்தின் அடித்தூண் நூற்றுப்பத்து டன் சுமக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மாலை சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டோரில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகச் சிற்றூர்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். அன்று மழை பெய்தமையால் இடி விழுந்ததே காரணம் என்ற பேச்சும் எழுந்தது. அரசு அமைத்த விசாரணை ஆணையமோ கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறை இருந்ததைச் சுட்டியது. எஞ்சி நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வெளிநாட்டில் உழைக்கும் மகன் பணம் அனுப்பியதும், ஒரு மாடிக்கென்று வகுத்த தூண்களின்மேல் இன்னும் இரு மாடிகள் எழுப்ப முனையும் தந்தையர் நம்மிடையே உண்டு. அவர்கள் மேஸ்திரியைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தூணின் அளவையும் கடைக்காலின் அகலத்தையும் கணக்கிட்டுச் சொல்ல வல்லாரை.

தமிழ்த்துறை மலரில் கம்பிக்கும் சிமெண்டுக்கும் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வேலை உண்டு.

வடிவமைப்பாளன் கற்ற மொழி ஒன்று. கம்பி கட்டுபவர் பேசும் மொழி வேறொன்று. நம் நாட்டில் கான்கிரீட் கட்டுமானத்துக்கு அடிப்படையான தர நெறியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பை மாணவர் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். பள்ளியில் இயற்பியலைத் தமிழில் படித்த மாணவன் தகைவு, திரிபு, திருப்புத்திறன் என்னும் நல்ல சொற்களை அறிந்தே வருகிறான். கல்லூரி வாயிலில் அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறான். தளத்தில் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் வழங்குவனவோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் சொற்றொகுதி: முட்டு, சென்ட்ரிங், கட்டுக்கம்பி, ரிங், கடைக்கால், பில்லர். ஆக, 'மேற்புறத்தில் இழுவிசை தோன்றுகிறது' என்பதை விடைத்தாளில் எழுதத் தெரிந்தவனுக்கு, 'அண்ணே, இந்தக் கம்பி கீழே இறங்கினால் ஷேடு நிற்காது. நாற்காலி வைத்துக் கட்டுங்கள்' என்று சொல்ல வாய் வருவதில்லை. காரணத்தோடு சொல்லாத கட்டளையை மதிப்பார் இலர். இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளி, நேற்று வந்த பிள்ளையின் சொல்லுக்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளார். காரணம் விளங்கினால் மாற்றிக்கொள்வார். பந்தலில் ஓரக்கல்லைச் சாய்த்து நட்டதும் காரணம் விளங்கியமையால்தானே.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அப்பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் பயிலும் வாய்ப்பை உண்டாக்கியது. வேலை கிடைக்குமோ என்னும் அச்சம் பெற்றோரைத் தயங்க வைத்தது. அவ்வச்சத்தைப் பொருளற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. ஆங்கிலத்தை விடுவதால் யாருக்கும் நன்மையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கணக்கிட்டதைத் தமிழில் விளக்கும் திறனைப் பெற வேற்றுப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் ஒரு சொல். இழுப்புக்கு இழுவிசை என்றனர். கம்பி கட்டுபவர் கேட்டவுடன் புரிந்துகொள்வார். உறுப்பொன்றைக் குறுக்கே நறுக்குவது போலச் செயற்படும் விசைக்கோ சறுக்குப்பெயர்ச்சி, கொய்வு, துணிப்பு எனப் பல பெயர்கள். ஒன்றும் தளத்தைச் சென்று சேரவில்லை. பீமில் ரிங் கம்பிகளைத் தூண் அருகே நெருக்கமாகவும் நடுவே சற்று அகலமாகவும் கட்டுவது இவ்விசைக்காகவே. காரணம் அறியாமலே கட்டப்படுவதால், நேரம் குறையும் நாளில் முதலில் குறைவது அந்த ரிங்கின் எண்ணிக்கைதான்.

நம் துறை மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் வீடு கட்டுமிடங்களுக்குச் சென்று, கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் தொழிலாளரும் வழங்கும் சொற்களை அவற்றின் பொருளோடு எழுதி வரலாம். பந்தல் போடுவோரின் சொற்களையும் விட்டுவிட வேண்டா. அத்தொகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பாடநூற் சொல்லும் இடம்பெறின், பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் தளத்திற்குச் செல்லும் முதல் நாளில் கையில் எடுத்துச் செல்ல ஒரு நூல் கிடைக்கும்.