கண்ணாடி வைத்துப் பார்த்த நிறம்

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. பருத்திப்பட்டு போன்ற ஆவடிப் பக்கத்து ஊர்களுக்குக் கலர் டிவி மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 2006-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவசப் பெட்டிதான் பல வீடுகளில் முதல் கலர் டிவி.

அந்தப் பிக்சர் டியூப் காலத்தில் நிறம் கெட்டால் மெக்கானிக் வருவார். டிவிக்கு எதிரே நாற்காலியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றுவார். முதலில் கலரை முழுக்கக் குறைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குவார். சாம்பலில் சிவப்போ பச்சையோ தட்டினால், டியூப்பின் கழுத்துப் போர்டில் உள்ள பிரீசெட்டை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்பி, கண்ணாடியில் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாக வந்த பிறகுதான் கலரை ஏற்றுவார். செய்தி வாசிப்பவர் முகம் மனித நிறத்துக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அளவுகோல் அவர் கண்தான்.

இன்று அந்த வேலையைச் செய்வது, திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர். கல்யாண ஆல்பம் செய்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மானிட்டர் தப்பாகக் காட்டினால் அரக்குப் பட்டு, அச்சில் வேறு நிறமாகிவிடும். பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, உள்ளங்கையளவுக் கருவியைத் திரையில் தொங்கவிடுகிறார்கள். சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் எனக் கட்டங்கள் மாறி மாறி வர, கருவி ஒவ்வொன்றையும் அளக்கிறது. வெள்ளைக்கு இலக்கு 6500 கெல்வின்; கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் ஏறும் விதத்தைச் சொல்லும் காமாவுக்கு 2.2. இருக்க வேண்டிய நிறத்துக்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள வித்தியாசத்தை 'டெல்டா ஈ' என்ற எண்ணாகச் சொல்கிறது. 1-க்குக் கீழே போனால் கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. பிழையைத் திருத்தும் கணக்கு, புரொஃபைலாகக் கணினியில் பதிவாகிறது. திரை நாளாக ஆக மாறும் என்பதால் அவ்வப்போது திரும்ப அளக்க வேண்டும்.

கருவி வந்தாலும் முறை மாறவில்லை: முதலில் வெள்ளையும் சாம்பலும், பிறகே வண்ணம். மாறியது வீடுதான். இப்போது டிவி நிறத்தைச் சரிபார்க்க யாரையும் கூப்பிடுவதில்லை. கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வைத்த 'விவிட்' மோடிலேயே பல வீடுகளிலும் டிவி ஓடுகிறது. வெள்ளையில் நீலம் ஏறி, முகங்கள் பூசிவிட்ட மாதிரி தெரிகின்றன.

கலரிமீட்டர் வாங்க வேண்டாம். செட்டிங்கில் 'சினிமா' அல்லது 'மூவி' என்று இருப்பதைப் போடுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும், கண் பழகட்டும். பிறகு ஒருமுறை 'விவிட்'டுக்குப் போய்ப் பாருங்கள், எது சரியென்று உங்களுக்கே தெரியும்.