பழைய பியட் கார் வாங்கப் போறீங்களா? பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க, பேரைப் பாருங்க!

விற்றவர் தலையிலும் விடியும்! பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மூக்கில் பளபளவென்று குரோமியப் பட்டை. இரண்டு உருண்டை விளக்கு. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வால் முளைத்த மாதிரி தகடு. கியரோ ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே!

இதுதான் பியட் கார். பிற்காலத்தில் பத்மினி.

ஒரு காலத்தில் டாக்டர், வக்கீல், மிராசுதார் வீட்டு வாசலில் நின்ற கார் இது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தால்தான் கைக்கு வரும். இன்றைக்குக் கல்யாண ஊர்வலத்திலும் சினிமா படப்பிடிப்பிலும் இதற்குத் தனி மவுசு. "நாமும் ஒண்ணு வாங்கி நிறுத்தினால் என்ன?" என்று ஆசைப்படுகிறவர்கள் பலர்.

ஆசைப்படுவது தப்பில்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய நத்தை ஓடே மண்ணுக்குள் கிடைக்கிற ஊர் அரியலூர். நாற்பது வருஷத்துக் கார் கிடைக்காதா என்ன? கிடைக்கும். அதோடு என்னென்ன சேர்ந்து வரும் என்பதுதான் கேள்வி.

புரோக்கர் பேச்சு

விலைக்குக் கணக்கே கிடையாது. ஓடாமல் மாட்டுக் கொட்டகையில் கிடந்தால் காயலான் கடை விலை. அதே காரைத் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் லட்சத்தில் பேசுவார்கள்.

"சார், ஒரே கை ஓட்டின வண்டி. பெரியவர் கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார். 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து ரெடியா இருக்கு. நீங்க எப்ப வேணா பேர் மாத்திக்கலாம்!"

புரோக்கர் இப்படிச் சொன்னால் அங்கேயே உஷாராக வேண்டும். பெரியவர் கோயிலுக்குப் போனாரா, குவாரிக்குப் போனாரா என்பது இருக்கட்டும். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வில்லங்கம்.

அது என்ன 29, 30?

29 என்பது விற்கிறவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொடுக்கும் தகவல் படிவம். 30 என்பது வாங்குகிறவர் பேருக்கு மாற்றக் கேட்கும் மனு. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி விற்றவர் 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள்.

சட்டம் இப்படி. நடைமுறை வேறு. வாங்கியவர் பேரும் போடாமல், தேதியும் போடாமல், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்வார்கள். கார் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும். அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகும். மூன்று கை மாறும். நாலு கை மாறும். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆள் பேர் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் வட நாட்டில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009-ம் ஆண்டு மே மாதம். ஒரு மாருதி 800 கார் கண்மூடித்தனமாக ரிவர்சில் வந்தது. ஒரு பெண் மீதும் அவருடைய உறவினர் மீதும் மோதியது. உறவினர் அந்த இடத்திலேயே பலி! காருக்கு இன்சூரன்சும் இல்லை.

நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் பேர் இருந்தவர், "நான் 2007-லேயே விற்றுவிட்டேன்" என்றார். அவரிடம் வாங்கியவர் 2008-ல் வேறொருவருக்கு விற்றிருந்தார். அவரும் விற்றிருந்தார். ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் காட்டினார்கள்.

பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு, கடைசியாகக் காரை வைத்திருந்தவர் தலையில் பொறுப்பைப் போட்டது. வழக்கு டெல்லிக்குப் போனது. 2018 பிப்ரவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர், அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு. அடிபட்டவர்கள், கை மாறிய ஆள்களை ஒவ்வொருவராகத் தேடி அலைய முடியாது என்பது கோர்ட்டு சொன்ன காரணம்.

காரை விற்று, காசைச் செலவழித்து, மறந்தே போனவர் வீட்டுக் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? கிரிமினல் சமாசாரமும் இப்படித்தான். கார் எதிலாவது மாட்டினால் போலீசார் முதலில் போவது ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் கூடிவிடுவார்கள். "நான் அவன் இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் மானம் போய்விடும்.

ஓனர் உயிரோடு இல்லையா?

பழைய காரில் இது சர்வ சாதாரணம். தாத்தா வாங்கிய பியட். தாத்தா காலமாகி பத்து வருஷம் ஆகியிருக்கும். பேரன் விற்க வருவார். அவரை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டால், அப்புறம் சித்தப்பா வருவார், அத்தை வருவார். "எங்கள் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்றான்?" என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இறந்தவர் வண்டிக்கு வேறு படிவம் இருக்கிறது. அது 31. இறப்புச் சான்று வேண்டும். வாரிசுச் சான்று தாலுகா ஆபீசிலிருந்து வர வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதித் தர வேண்டும். முதலில் ஒரு வாரிசு பேருக்கு மாறி, பிறகுதான் உங்கள் பேருக்கு வரும். இறந்து போன மனிதர் 29-லும் 30-லும் போட்ட கையெழுத்து என்று ஒன்றைக் காட்டினால், அந்த இடத்தில் நிற்காதீர்கள். நாலு ரோட்டில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

நின்ற இடத்தில் மாவட்டம் மாறிய கார்

நம் பக்கத்துக் கார்களில் இன்னொரு வேடிக்கை. பெரம்பலூர் 1995-ல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்தது. 2002-ல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடியும் பிரித்தார்கள்.

ஆக, அரியலூரில் ஒரே கொட்டகையில் நின்ற கார், ஓர் அங்குலம் நகராமலே நாலு தடவை மாவட்டம் மாறியிருக்கிறது! இப்போது பெரம்பலூர் நம்பர் டி.என்.46. அரியலூர் டி.என்.61. பழைய பியட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. திருச்சி நம்பராக இருக்கலாம். 1989-க்கு முந்தைய வண்டி என்றால் மூன்று எழுத்தும் எண்ணும் கொண்ட பழைய நம்பர் இருக்கும்.

இந்தப் பழைய ரிக்கார்டுகளில் சில இன்னும் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கும். பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால், முதலில் பதிவான ஆபீசில் ஏற்றித் தரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அந்த வேலையை விற்கிறவர் செய்ய வேண்டும். நீங்கள் அல்ல.

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தால் அச்சு வந்துவிடும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ இருந்தால் விவகாரம். பழைய பியட்டில் எஞ்சின் மாற்றியிருப்பது குற்றமில்லை. மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாததுதான் குற்றம். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பக இணையதளத்தில் வசதி உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவரும் உள்ளேதான். முன்பு இ.பி.கோ. 411. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 317. நாமம் போட்டவன் பழைய 420 இப்போது 318 ஆகிவிட்டது. மக்கள் என்னவோ இன்னும் 420 என்றுதான் திட்டுகிறார்கள்.

15 வருஷம் ஆனால் உடைக்கணுமா?

இல்லை. சர்க்கார் வண்டிகளைத்தான் 2023 ஏப்ரலிலிருந்து 15 வருஷத்தோடு ஓரங்கட்டச் சொன்னார்கள். நம் மாநிலத்தில் சொந்தக் காரை 15 வருஷத்துக்குப் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரி தனி.

ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. முன்பு ரூ.600. 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு ரூ.10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. பத்மினி உற்பத்தி நின்றே கால் நூற்றாண்டு ஆகிறது. எனவே எந்தப் பத்மினியும் இதற்குத் தப்பாது. ஆர்.சி. காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

"சார், இது விண்டேஜ்!" என்று சிலர் விலையை ஏற்றுவார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய, அதிகம் மாற்றம் செய்யாத காருக்குத்தான் அந்தப் பட்டம். 2021-ல் அதற்குத் தனி விதி வந்தது. வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர், கட்டணம் ரூ.20 ஆயிரம், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கிவிட்டால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுக்கலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுக்கலாம். தினசரி கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்டக் கூடாது!

தகடு எப்படி?

இதற்கு நல்ல மேஸ்திரியைக் கூட்டிப் போவதே மேல். என்றாலும் சில விஷயங்கள்.

பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1964 முதல் செய்த பியட் 1100 டிலைட்தான் 1974-ல் பத்மினி என்று பேர் வாங்கியது. எஞ்சின் 1089 சி.சி. அடியில் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. பாடியே எலும்பு. அதனால் அடித்தரை துருப்பிடித்து ஓட்டையானால் முதுகெலும்பு முறிந்த மாதிரி. மேட்டைத் தூக்கிப் பாருங்கள். துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம் வையுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான்.

நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுதும் நின்ற வண்டி காலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. நீலப் புகை வந்தால் ரீபோர் செலவு காத்திருக்கிறது. ஸ்டீரிங் ஆட்டம், கிங் பின் தேய்மானம் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஊர்வலம் போகிற மாதிரி போகாதீர்கள். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஓட்ட வேண்டிய கார் இது. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். காலியான ரோட்டில் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் மாற்றாமல் எடுக்காதீர்கள். லாரி திடீரென்று நின்றால் இது நிற்க வேண்டுமே!

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு போனது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. ஊறிப்போய் கசியும். எஞ்சின் மேல் கசிந்தால் தீ! வாங்கிய முதல் வாரமே குழாய்களை மாற்றிவிடுங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைத்தால்? நம் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 1961 முதல் செய்த கார். பானட் முழுசாக முன்பக்கம் கவிழும். பார்க்க அழகு. உதிரி பாகம் தேடித் தேடிக் கால் தேயும். பழைய தோற்றத்தில் புதிதாக வந்த பியட் 500 கதையும் அதேதான். 2007-ல் இத்தாலியில் வந்து, 2008-ல் இங்கே இறக்குமதியான கார் அது. எண்ணிக்கை குறைவு. பியட் கம்பெனியும் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஒரு கண்ணாடி உடைந்தாலும் சென்னை, பெங்களூர் என்று போன் போட வேண்டும்.

விற்கிறவருக்கு

காரைக் கொடுக்கும்போது டெலிவரி நோட் எழுதுங்கள். வாங்குகிறவர் பேர், விலாசம், அடையாள அட்டை நகல், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். தேதி மட்டும் போதாது, மணியும் எழுதுங்கள். போலீசாருக்குப் பதில் சொல்ல இது உதவும். நஷ்ட ஈட்டு வழக்கில் காப்பாற்றாது. அதற்கு ஆர்.சி.யில் பேர் மாறியே ஆக வேண்டும். புரோக்கரை நம்பாமல் வாங்குகிறவரோடு நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் 29-ஐக் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கி வையுங்கள். 14 நாள் என்பது காரைக் கொடுத்த அன்றிலிருந்து எண்ணுவது.