தனித்து வளர்ப்போரின் கண்டிப்பும் கனிவும்

தலைநகர் தில்லியின் ஆர்.கே.புரம், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. மலை மந்திர் முருகன் கோயிலும் தில்லித் தமிழ்ச் சங்கமும் இங்கே அமைந்திருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமான இடமும் ஆகும். ஆயினும் தாத்தா, பாட்டி ஊரில் இருக்க, இழப்பாலோ பிரிவாலோ பிள்ளையைத் தனித்து வளர்ப்பவருக்கு மாலைப் பொழுது எளிதன்று. சமையல், வீட்டுப்பாடம், மறுநாள் சீருடை அனைத்தும் ஒருவர் பொறுப்பே. “அப்பா வரட்டும்” என்று ஒத்திப்போடவும் ஆளில்லை. கோபத்தில் குரல் உயர்ந்தால் “போதும்” என்று தடுக்கவும் ஆளில்லை.

இதனால் களைப்புற்ற நாளில் சிறு தவற்றுக்கும் கடுந்தண்டனை. மறுநாள் மனம் உறுத்த, கேட்டதெல்லாம் வாங்கித் தருதல் என்ற நிலை உண்டாகிறது. பிள்ளை இதில் கற்பது ஒழுக்கத்தையன்று. பெற்றவரின் முகக்குறிப்பைக் கணிக்கும் வித்தையையே.

விதிகள் சிலவே போதும்

உறங்கும் நேரம், கைப்பேசி பார்க்கும் நேரம், வெளியே செல்லுமுன் சொல்லிச் செல்லுதல் என மூன்று விதிகள் போதும். மீறினால் என்ன விளையும் என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். இன்று அரை மணி நேரம் கூடுதலாகக் கைப்பேசி பார்த்தால் நாளை அரை மணி குறையும். கோபத்தில் ஒரு மாதம் கைப்பேசி இல்லை என அறிவித்து, மூன்றாம் நாளே திருப்பித் தருவதைவிட இது வலிமையானது. தனியொருவரால் நாள்தோறும் நிறைவேற்ற இயலும் விதியே நிலைக்கும். அன்பும் உறுதியும் இணைந்த வளர்ப்பே சிறந்ததென அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களிலேயே எடுத்துரைத்தார்.

அடி வேண்டா

பள்ளிகளில் பிரம்படிக்கு இடமளித்த விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டிலும் அதே நெறி தேவை. அடித்த கை ஒன்றே அணைக்கும் கையாகவும் இருக்கும் இல்லத்தில், அழும் குழந்தை வேறெவரிடம் ஓடும்? சினம் மிகுந்தால், “இதை இரவு உணவுக்குப் பின் பேசுவோம்” என்று கூறி விலகுங்கள். சொன்னபடி பேசவும் செய்யுங்கள்.

நேரம் தரும் விடுப்பு

மத்திய அரசுப் பெண் ஊழியர், 18 வயதுக்குட்பட்ட மூத்த இரு பிள்ளைகளின் பராமரிப்புக்காகப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்புப் பெறலாம். மனைவியை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர் உள்ளிட்ட தனித்து வாழும் தந்தையருக்கும் 2018 டிசம்பர் முதல் இவ்வுரிமை உண்டு. முதல் 365 நாட்களுக்கு முழு ஊதியமும் பிறகு 80 விழுக்காடும் கிடைக்கும். தேர்வுக் காலத்திற்கு மட்டுமன்றி, பிள்ளையின் போக்கு மாறுவது தெரியும்போதும் சில நாட்கள் உடனிருக்க இது உதவும்.

பணத்திலும் ஒழுங்கு

கைச்செலவுப் பணத்தைக் குறித்த நாளில், குறித்த அளவில் கொடுங்கள். தீர்ந்துபோனால் அடுத்த முறை வரை காத்திருக்கட்டும். தாயைக் காப்பாளராகக் கொண்டு பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கலாம். 10 வயது நிரம்பியோர், வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாமே கணக்கை இயக்கவும் ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. மாதம் ஒருமுறை பிள்ளையுடன் அமர்ந்து அக்கணக்கைப் பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளை சொல்லும் வேறு செய்திகளையும் செவிகொடுத்துக் கேளுங்கள்.