மூன்று ஆமணக்கும் ஒரே குடும்பமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகளைக் காண்கிறோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. ஆயினும் மதிற்சுவர்களுக்கு இடையே ஏரிகளும் வாய்க்கால்களும் தரிசு நிலங்களும் இன்னும் உள்ளன. இத்தகைய இடங்களில் யாரும் நீர் ஊற்றாமலே வளரும் செடிகள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஆமணக்கு, காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவையே அம்மூன்றும்.

பெயரை மட்டும் கேட்டால் அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று தோன்றும். உண்மையில் இவை உறவினர்தாமா? மாணவ நண்பர்களே, இது வெறும் பெயர் ஆராய்ச்சி அன்று. காட்டாமணக்கின் விதைப்பருப்பு தின்பதற்குச் சுவையாகவே இருக்கும். அதை நிலக்கடலை போல் உடைத்துத் தின்ற பள்ளிப் பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வந்துள்ளன. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்னும் புரதமோ உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு. நெய்வேலிக் காட்டாமணக்கைத் தொடர்ந்து மேயும் ஆடுகள் நரம்புத் தளர்ச்சியுற்று, நடை தடுமாறி மடிகின்றன. எனவே எதிரில் நிற்கும் செடி எது என்று அறிந்திருப்பது நல்லது.

தாவரவியலார் ஒரு செடியின் பெயர் தெரியாதபோது முதலில் அதன் குடும்பத்தைத் தேடுவர். உலகில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பூக்கும் தாவர இனங்கள் உள்ளன. குடும்பங்களோ நானூற்றுச் சொச்சமே. ஊர் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதல்லவா?

இலையைப் பார்ப்போம். ஆமணக்கு இலை விரித்த கை போன்றது, ஆழமாகப் பிளவுபட்டது. காட்டாமணக்கின் இலை இதய வடிவினது. ஓரத்தில் மூன்று முதல் ஐந்து வரை சிறு மடல்கள் இருக்கலாம். நெய்வேலிக் காட்டாமணக்கின் இலையும் இதய வடிவமே. நுனி மட்டும் நீண்டு கூராகும். மூன்றிலும் இலைகள் தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக, மாறி மாறி அமைந்துள்ளன. இலையை மட்டும் நம்பினால் பின்னிரண்டும் உடன்பிறப்புகள், முதலாவது அயலார் என்றே தீர்ப்பளிப்போம்!

சரி, பாலைப் பார்க்கலாமா? ஆமணக்கின் குடும்பம் யூஃபோர்பியேசி. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, ரப்பர் மரம் ஆகியன இக்குடும்பத்தவை. கீறினால் பால் வடியும். ஆகவே பால் இருந்தால் அக்குடும்பம் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஆமணக்கின் தண்டை ஒடித்தால் நீர் போன்ற சாறுதான் வரும். நெய்வேலிக் காட்டாமணக்கை ஒடித்தாலோ வெண்ணிறப் பால் வரும்! அத்துடன் எருக்கிலும் பால் உண்டு, ஆலிலும் உண்டு, பப்பாளியிலும் உண்டு. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதும் மாணவரிடம், “வேறு வழியிலும் அளந்து பார்” என்போம். செடியிடமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். இலையும் பாலும் முதல் இரண்டு சாட்சிகள். பூவும் காயும் இன்னும் சாட்சி சொல்லவில்லை.

நெய்வேலிக் காட்டாமணக்கின் பூ வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறப் புனல். அல்லி இதழ்கள் ஐந்தும் ஒன்றாக இணைந்துவிட்டன. எனினும் புனலின் உள்ளே ஐந்து பட்டைகள் தெரியும். அவற்றை எண்ணினால் இதழ்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். வெளியே ஐந்து புல்லி இதழ்கள் தனித்தனியே உள்ளன. புனலின் அடியில் ஐந்து மகரந்தத் தாள்கள் ஒட்டியுள்ளன; அவற்றின் நீளம் சமமாக இராது. நடுவே சூலகம். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருப்பதால் இது இருபால் பூ. காயினுள் நான்கு வரை விதைகள். அவற்றின்மேல் அடர்ந்த மயிர்.

இனி ஆமணக்கின் பூங்கொத்தைப் பாருங்கள். அல்லி இதழே கிடையாது. கொத்தின் கீழ்ப்பகுதியில் ஆண் பூக்கள். அவற்றில் கிளைத்துக் கிளைத்துச் செல்லும் எண்ணற்ற மகரந்தத் தாள்கள். மேற்பகுதியில் பெண் பூக்கள். அவற்றில் சிவந்த சூல்முடிகள். காட்டாமணக்கின் பூ சிறியது. மஞ்சள் கலந்த பச்சை நிறம். ஐந்து இதழ்கள் உண்டு. ஆனால் அதிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டு செடிகளின் இளங்காயையும் குறுக்கே நறுக்கினால் மூன்று அறைகள் தெரியும். அறைக்கு ஒரு விதை!

இப்போது தீர்ப்பு எளிது. ஒருபாற் பூக்கள், மூன்று அறைச் சூற்பை, அறைக்கு ஒரு விதை என்ற மூன்று பண்புகளும் பொருந்துவதால் ஆமணக்கும் காட்டாமணக்கும் யூஃபோர்பியேசியே. நெய்வேலிக் காட்டாமணக்கு கன்வால்வுலேசி குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வள்ளைக்கீரையும் அதன் நெருங்கிய சொந்தங்கள். வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, ஒடிந்த தண்டிலிருந்தும் வேர்விட்டு நம் ஏரிக்கரைகளைப் பிடித்துக்கொண்டது.

“ஊமத்தம்பூவும் புனல்தானே? அதிலும் ஐந்து தாள்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வெளியிட்ட நூலில் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையே வகுப்புகளைப் பிரிக்கும் முதன்மை அளவுகோலாக இருந்தது. அதன் விளைவாக ஊமத்தையும் கத்தரியும் காப்பிச் செடியும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. 1789-இல் பிரான்சின் ஜுஸ்யூ பல பண்புகளை ஒருசேர எடைபோட்டு இயற்கைக் குடும்பங்களை வகுத்தார். அவ்வழியே நாமும் சென்றால் ஊமத்தையின் புல்லி இதழ்கள் குழலாக இணைந்திருப்பதையும், பால் இல்லாததையும், காயினுள் விதைகள் ஏராளமாக இருப்பதையும் காண்போம். எனவே அது கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் சொலனேசி குடும்பம்.

இப்பணி இன்னும் முடியவில்லை. 1998-இல் தொடங்கிய ஏ.பி.ஜி. வகைப்பாடு மரபுப்பொருளான டி.என்.ஏ.வையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. 2016-இல் வெளியான அதன் நான்காம் பதிப்பில் 416 குடும்பங்கள் உள்ளன. முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த கீழாநெல்லி இம்முறையில் பில்லாந்தேசி என்னும் தனிக் குடும்பத்துக்குப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், சிறு காய் ஒன்றே இதற்கு ஒரு தடயம் வைத்திருந்தது. கீழாநெல்லிக் காயிலும் மூன்று அறைகளே. ஆனால் அறைக்கு இரண்டு விதைகள்!

செய்து பாருங்கள்: ஒரு கைலென்சு, ஒரு பிளேடு, ஒரு நோட்டுப்புத்தகம் போதும். கன்டெய்னர் லாரிகள் விரையும் சாலையோரம் வேண்டா. பள்ளி வேலியோரமோ ஏரிக்கரையோ ஏற்றது. பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இலையமைவு, சாறு, பூவின் சமச்சீர், இதழ், தாள், காயின் அறை, விதை என்று ஏழு கட்டங்கள் போட்டு நிரப்புங்கள். துத்திப் பூவில் தாள்கள் யாவும் ஒரே குழலாக இணைந்திருக்கும். அது பருத்தியும் வெண்டையும் உள்ள மால்வேசி. தும்பையின் தண்டு சதுரம், பூ ஈருதடு. அது துளசியின் லேமியேசி. வெட்டுக்காயப் பூண்டின் ‘ஒரு பூ’ உண்மையில் பல பூக்களின் கூட்டம். அது சூரியகாந்தியின் ஆஸ்டரேசி.

எந்தப் பகுதியையும் வாயில் வைக்காதீர்கள். பால் கண்ணில் படவேண்டா. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒன்றை மறவாதீர்கள். குடும்பம் தெரிந்துவிட்டது என்பதற்காக எதையும் தின்னத் துணியக் கூடாது. கத்தரியும் ஊமத்தையும் ஒரே குடும்பம்; வள்ளைக்கீரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரே குடும்பம். முன்னவை குழம்புச் சட்டிக்கு உரியவை, பின்னவை நஞ்சு. குடும்பம் நம்மை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த வீடு என்பதை இன்னும் நான்கு சாட்சிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.